மொட்டை மரத்தில் ஒரு குடித்தனம்

விடிகாலை ஐந்தரை மணிக்குப் போடிநாயக்கனூரில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பாருங்கள். ஊர் அதற்குள் பாதி நாளை முடித்துவிட்ட மாதிரி இருக்கும். டீக்கடையில் பாய்லர் கொதிக்கும். தூக்குச்சட்டியும் பழைய சட்டையுமாகப் பெண்கள் ஜீப்புகளைப் பார்த்து ஓடுவார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தால் நமக்குத்தான் மூச்சு முட்டும்! அத்தனை பேரும் மேலே ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்கள். சாயங்காலம் இறங்கி வரும்போது அவர்கள் சேலையில் ஏலக்காய் வாசனையும் இருக்கும், தோட்டத்தில் அடித்த மருந்து வாசனையும் இருக்கும்.

அந்த ஜீப்புகளுக்குப் பின்னாலேயே வளைந்து வளைந்து ஏறினால் போடிமெட்டு. அங்கே நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கிழக்கே காய்ந்த மலைச் சரிவு, கீழே போடி, அதற்கப்பால் வெயிலில் மின்னும் தேனிச் சமவெளி. மேற்கே திரும்பினால் வேறு உலகம். பனி, ஈரம், நிழல் மரங்களுக்குக் கீழே ஏலச்செடி. தென்மேற்குப் பருவமழை தன் கையிருப்பை எல்லாம் மேற்குப் பக்கமே கொட்டிவிட்டு, கிழக்கே வரும்போது வெறுங்கையாகத்தான் வரும். ‘அங்கே கொட்டுகிற தண்ணீரில் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தால் என்ன?’ என்று இந்தச் சரிவில் நின்ற எவனுக்கும் ஒரு தடவையாவது தோன்றியிருக்கும்.

தோன்றியதைச் செய்தும் காட்டினார்கள். இதே ஏலமலைத் தொடரில் தெற்கே, கம்பம், கூடலூர் தாண்டி குமுளி மலை ஏறினால் வருகிறதே, அந்தப் பெரியாறு அணை!

பெரியாறு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஒரு நம்பர்தான். 142 அடி. அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்று பேப்பரில் பார்த்துவிட்டு நாற்று விடுகிறவர்கள் தேனி மாவட்டத்தில் இருக்கிறார்கள். தப்பில்லை. சோறு சம்பந்தப்பட்ட நம்பர் அது. ஆனால், இந்த வாரம் மட்டும் அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு என்னோடு வாருங்கள்.

தேக்கடியில் படகில் போயிருக்கிறீர்களா? போனவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. ஏரியின் நடுவே, கரேலென்று, இலையும் இல்லாமல் கிளையும் இல்லாமல் மொட்டை மொட்டையாக மரங்கள் நிற்கும். நாமெல்லாம் யானை வருமா, காட்டெருமை வருமா என்று கரையையே பார்த்துக்கொண்டிருப்போம். படகுக்குப் பக்கத்திலேயே ஒரு மொட்டைக் கட்டையின் உச்சியில், இரண்டு இறக்கையையும் விரித்துக் காயப்போட்டபடி கறுப்பாக ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். நாம் திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம்.

அந்தப் பறவைக்கும் கட்டைக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அணையின் சரித்திரம் அளவுக்கே பெரிய சரித்திரம்.

அணை கட்டிய கதை உங்களுக்குத் தெரியும் என்பதால் வேகமாகவே சொல்கிறேன். மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ராமநாதபுரம் சமஸ்தானத்திலேயே இருந்திருக்கிறது. பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதை யோசித்துவிட்டு, செலவுக்குப் பயந்து கைவிட்டார் என்பார்கள். 1808-ல் கால்டுவெல் என்ற வெள்ளைக்கார கேப்டன் வந்து பார்த்துவிட்டு, நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். அப்புறம் 1876-78 தாது வருஷப் பஞ்சம் வந்தது. ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகுதான் நடக்காத காரியத்தை நடத்தியே ஆக வேண்டும் என்று சர்க்காருக்கு உறைத்தது. 1886 அக்டோபர் 29-ம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு ஒப்பந்தம் ஆனது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு வருஷத்துக்கு 5 ரூபாய் வாடகை, 999 வருஷக் குத்தகை! 1887-ல் வேலை தொடங்கியது. கர்னல் பென்னிகுக் தலைமையில், வெள்ளத்தோடும் மலேரியாவோடும் காலராவோடும் மல்லுக்கட்டி, ஏராளமான கூலித் தொழிலாளிகளைப் பலிகொடுத்து, 1895 அக்டோபர் 10-ம் தேதி சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. பென்னிகுக் பிறந்த ஜனவரி 15-ல் தேனிப் பக்கத்து விவசாயிகள் இன்றைக்கும் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள்.

தண்ணீர் கிழக்கே இறங்கியது. சரி... மேலே தேங்கியதே, அங்கே என்ன ஆயிற்று?

அங்கே இருந்தது காடு. மனுஷன் கோடரி அதிகம் படாத மழைக்காடு. அணைக்குப் பின்னால் தண்ணீர் ஏற ஏற, பள்ளத்தாக்கில் நின்ற மரங்கள் நின்ற நிலையிலேயே மூழ்கின. அவற்றை முழுக்க வெட்டி அகற்றிவிட்டு ஏரியை நிரப்ப வேண்டும் என்று யாரும் மெனக்கெடவில்லை. வேருக்கு மூச்சு இல்லை. மெள்ள மெள்ள இலை உதிர்ந்தது, கிளை ஒடிந்தது, பட்டை உரிந்தது. ஒரு காடே நின்றபடி செத்தது.

செத்த மரம் 130 வருஷத்துக்கு மேலாக எப்படி நிற்கிறது என்று நீங்கள் கேட்கலாம். மரம் அழுகுவதற்கு ஈரம் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மரத்தைத் தின்கிற பூஞ்சைக்குக் காற்று இல்லாமல் பிழைப்பில்லை. கரையானுக்கும் தண்ணீருக்குள் வேலையில்லை. அதனால், நீருக்குள் மூழ்கியிருக்கிற பாகம் பெட்டியில் வைத்த மாதிரி பத்திரமாக இருக்கிறது. வெயிலும் மழையும் படுகிற மேல் பாகம்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. எல்லாவற்றையும்விட, தண்ணீர் ஏறி இறங்கி, ஒரு மாதம் நனைந்து ஒரு மாதம் காய்கிறதே, அந்த இடத்துக்குத்தான் ஆபத்து அதிகம்.

இனி பறவைக்கு வருவோம். இறக்கையைக் காயப்போட்டபடி உட்கார்ந்திருந்ததே, அது பாம்புத்தாராவாக இருக்கலாம், நீர்க்காகமாக இருக்கலாம். பாம்புத்தாராவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பது அது நீந்தும்போது தெரியும். உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும். நீளமான கழுத்து மட்டும் வெளியே நெளியும். பார்ப்பவர்கள் பாம்பென்று சத்தியம் செய்வார்கள்! முங்கிப் போய், ஈட்டி மாதிரி அலகால் மீனைக் குத்தி எடுத்துவரும். வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. பாம்புத்தாராவின் இறகோ நன்றாக நனைந்துவிடும். நனைந்தால்தான் உடம்பு கனத்து ஆழத்தில் முங்க முடியும். ஆனால், வெளியே வந்ததும் உலர்த்தியாக வேண்டும். உலர்த்துவதற்குத் தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைக் கிளை வேண்டும். இலை அடர்ந்த மரத்தில் ஏது வெயில்?

பெரியாறு ஏரியில் இப்படிப்பட்ட ‘கொடிக்கம்பங்கள்’ ஏரி முழுக்க! அது மட்டுமல்ல. கூடு கட்டுகிற பறவைக்கு முதல் கவலை முட்டை திருடர்கள். குரங்கு, மரநாய் என்று காட்டில் அதற்குப் பஞ்சமில்லை. நாலு பக்கமும் ஆழமான தண்ணீர் சூழ்ந்த மரம் என்றால், அது அகழி வெட்டிய கோட்டை மாதிரி. அடியில் மீன், மேலே வெயில், சுற்றிலும் அகழி. வேறென்ன வேண்டும்? பாம்புத்தாராவும் நீர்க்காகமும் அந்த மொட்டை மரங்களில் குடித்தனம் வைத்துக் குஞ்சு பொரிக்க ஆரம்பித்தன.

இன்னொரு வசதியும் சேர்ந்துகொண்டது. 104 அடிக்குக் கீழே போனால் தமிழ்நாடு எடுக்கிற தண்ணீர் நின்றுவிடும். என்ஜினீயர்கள் கணக்கில் அதற்குக் கீழே இருப்பது பயன்படாத தண்ணீர். பறவைக்கும் யானைக்கும் அதுதான் உயிர்த் தண்ணீர்! சுற்றுவட்டாரத்து ஓடைகள் வற்றுகிற கோடையிலும் இந்த ஏரியில் ஒரு பங்கு மிஞ்சியே இருக்கும்.

1886 ஒப்பந்தத்தில் நிலம் யாருக்கு, தண்ணீர் யாருக்கு என்று எழுதினார்கள். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை யாருக்கு என்றுகூட ஞாபகமாக எழுதினார்கள். மீன் பிடிக்கிற பறவையைப் பற்றி ஒரு வரி கிடையாது. யாரும் அதை மனதில் வைத்து அணை கட்டவில்லை. எழுதாத உரிமையை அது தானே எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்டது சரி, நிலைத்தது எப்படி? இங்கேதான் மனுஷர்கள் வருகிறார்கள்.

1899-ல் திருவிதாங்கூர் சமஸ்தானம், ஏரியைச் சுற்றியுள்ள காட்டைப் பெரியாறு ஏரி ரிசர்வ் என்று தனியாகப் பிரித்துக் காவல் போட்டது. மலையெல்லாம் ஏலமும் தேயிலையும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வேலி மட்டும் இல்லையென்றால் ஏரிக்கரை வரை தோட்டம் வந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய புத்திசாலித்தனம் தேவையில்லை. அடுத்து, 1933-ல் எஸ்.சி.எச்.ராபின்சன் என்பவரை முதல் வனவிலங்குக் காப்பாளராக நியமித்தார்கள். மறு வருஷம், இளம் மகாராஜா சித்திரைத் திருநாள் காலத்தில், நெல்லிக்காம்பட்டி சரணாலயம் உருவானது. பெயரைக் கேட்டாலே நம்மூர்ப் பக்கம் மாதிரி இல்லை?

அதே 1933-ல் இன்னொரு மனிதரும் இந்த மலைகளில் சுற்றிக்கொண்டிருந்தார். தோளில் துப்பாக்கி, கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு. பின்னாளில் ‘இந்தியாவின் பறவை மனிதர்’ என்று பெயர் வாங்கிய சாலிம் அலிதான் அவர். திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க, மனைவி தெஹ்மினாவோடு முகாம் முகாமாகப் போனார். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே சாந்தன்பாறை, அங்கே ஒரு முகாம். குமுளியிலும் பெரியாறு ஏரியிலும் முகாம். இன்றைக்குப் போடி ஜீப்புகள் போகிற ஏலக்காட்டில்தான் அவர் குருவிகளின் பின்னால் அலைந்திருக்கிறார். 76 வருஷம் கழித்து, 2009-ல் கேரளத்துப் பறவை ஆர்வலர்கள் அவர் போன தடத்திலேயே மறுபடி போய்க் கணக்கெடுத்தார்கள்.

அந்தக் கணக்கில் உள்ளூர்ப் பறவைகள் மட்டும் இல்லை, விருந்தாளிகளும் உண்டு. புரட்டாசி பிறக்கும் சமயத்தில், இமயமலையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் சாம்பல் வாலாட்டி என்ற சின்னக் குருவி வந்து இந்த மலை ஓடைகளில் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும். குளிர்காலத்தில் விராலடிப்பான் வந்து அதே மொட்டை மரத்தில் உட்கார்ந்து மீனுக்குக் குறிபார்க்கும். காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கூப்பிடும் ஆறுமணிக் குருவியும் வடக்கேயிருந்து ராத்திரி ராத்திரியாகப் பறந்து வந்து காட்டு நிழலில் இறங்கும். பெரியாறு காட்டில் மொத்தம் 300-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள்! சரணாலயம் 1950-ல் விரிவானது. 1978-ல் புலிகள் காப்பகம் ஆனது. கேரளத்துக்கு அதுதான் முதல் புலிகள் காப்பகம். புலிக்காகப் போட்ட வேலியில் பாம்புத்தாராவும் பிழைத்துக்கொண்டது.

ராஜா போட்ட வேலி, சர்க்கார் போட்ட வேலி... இதில் ஜனங்கள் எங்கே என்று கேட்கிறீர்களா? கேட்க வேண்டிய கேள்விதான். ஏனென்றால், ஜனங்களே முன்னால் நின்று காப்பாற்றிய ஏரி ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல். 1798-லேயே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனெல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். ‘யாரும் சுடக் கூடாது’ என்று எழுத்தில் உத்தரவு வாங்கித் திரும்பினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். காரணம், வெறும் பாசம் மட்டுமில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். அங்கேயும் பறவைகள் கூடு கட்டுவது தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில்தான். அதே அகழி, அதே கோட்டை! ஒரு வித்தியாசம்... அங்கே மரம் உயிரோடு நிற்கிறது.

பெரியாற்றில் கதை வேறு மாதிரி. ஏரி வருவதற்கு முன்பே அந்தக் காட்டில் ஜனங்கள் இருந்தார்கள். மதுரையிலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொள்கிற மன்னான்கள், பளியர்கள். அவர்கள் கிழங்கெடுத்த இடம், தேனெடுத்த இடம் எல்லாம் தண்ணீருக்கடியில் போனது. காட்டுக்குக் காவல் வந்தபோது காட்டுக்காரர்களே வெளியாட்கள் ஆனார்கள். இன்றைக்குக் குமுளிக்குப் பக்கத்தில் மன்னாக்குடி, பளியக்குடி என்று குடியிருக்கிறார்கள். விடியற்காலையில் தெப்பத்தில் போய் ஏரியில் வலை போடுகிற மன்னான்களைப் பார்க்கலாம். ஒரே மீனுக்கு மனுஷனும் நீர்க்காகமும் பங்காளிகள்!

வெளியே தள்ளப்பட்டவர்களில் பலருக்குக் காட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைவதுதான் பிழைப்பானது. வயணம் என்கிற காட்டு லவங்கத்தின் பட்டையை உரித்து விற்ற ஒரு கூட்டம் இருந்தது. எத்தனை கேஸ் போட்டும் அடங்கவில்லை. 1998-ல் வனத்துறை வேறு வழியை யோசித்தது. ‘காட்டுக்குள் எல்லாத் தடமும் தெரிந்த ஆள் நீதான். நீயே காவலுக்கு வா. சுற்றுலா வருகிறவர்களுக்கு வழிகாட்டு. அந்த வருமானம் உன் குழுவுக்கே’ என்று பேசி முடித்தார்கள். பட்டை உரித்தவர்கள் காவல்காரர்கள் ஆனார்கள். 2002-ல் குமுளிப் பக்கத்துப் பெண்கள் ‘வசந்த சேனை’ என்று ஒரு குழுவாகச் சேர்ந்து, கூலி வாங்காமலேயே காட்டைச் சுற்றிக் காவல் வர ஆரம்பித்தார்கள். வேடந்தாங்கல்காரர்கள் 1798-ல் செய்ததை இவர்கள் 200 வருஷம் கழித்துச் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

‘சார், பறவை இருந்தால் என்ன, போனால் என்ன? எங்களுக்குத் தண்ணீர் வந்தால் போதும்’ என்று போடி டீக்கடையில் யாராவது கேட்டால் நியாயமாகத்தான் படும். ஆனால், யோசித்துப் பாருங்கள். ஏரியைச் சுற்றிக் காடு நிற்பதால்தான் மழைத் தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு வராமல் கசிந்து கசிந்து ஏரிக்கு வருகிறது. காடு மொட்டையானால் ஏரியில் வண்டல் சேரும். வண்டல் சேர்ந்தால், அணையில் எத்தனை அடி என்று பார்த்து என்ன பிரயோஜனம்? கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கருக்கும், அதைத் தாண்டி மதுரை வரைக்கும் போகிற தண்ணீரை அந்தக் காடுதான் வடிகட்டிக் கொடுக்கிறது. பறவைக்குப் போட்ட காவலும் நம் வயலுக்குப் போட்ட காவலும் ஒன்றுதான்.

1979-ல் நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்ததிலிருந்து, 2006, 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வரை இரண்டு மாநிலங்களும் அந்த ஏரிக்காக எத்தனையோ சண்டை போட்டுவிட்டோம். அந்தச் சண்டையில் கட்சிக்காரராக ஒரு தடவைகூடச் சேராத குடிமகன் பாம்புத்தாரா. அதற்குத் தமிழ்நாடும் தெரியாது, கேரளமும் தெரியாது. கட்டை நிற்கிறதா என்பது மட்டும்தான் அதன் கேள்வி.

அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்கிறதா? மொட்டை மரங்கள் எத்தனை உறுதியாக இருந்தாலும் சாகாவரம் வாங்கிவந்தவை இல்லை. நீர்மட்டம் ஏறி இறங்குகிற இடத்தில் அரித்து அரித்து, ஒரு நாள் காற்றில் சாய்கின்றன. சாய்ந்தது சாய்ந்ததுதான். 1895-ல் மூழ்கிய காடு இன்னொரு தடவை மூழ்கப் போவதில்லை. ஏரி அப்படியே இருக்கும், மீன் இருக்கும். கூடு கட்ட இடம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் குறையும். ஏரிக் கரையோரத்தில் தண்ணீர் தாங்கும் மரங்களை இப்போதே வளர்த்தால்தான், கடைசிக் கட்டை சாயும்போது பறவைக்குப் போக்கிடம் இருக்கும்.

அது கேரள வனத்துறை செய்ய வேண்டிய வேலை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. ஏனென்றால், அந்த ஏரித் தண்ணீர் போடிக்கும் வருகிறது. அணையில் தண்ணீர் போதுமான வருஷங்களில் 18-ம் கால்வாய் வழியாக உத்தமபாளையம், போடி வட்டாரக் கண்மாய்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். தண்ணீர் வந்தால் பின்னாலேயே நாரையும் கொக்கும் நீர்க்காகமும் வரும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி என்று இரண்டு ஊர். கண்மாய் மரங்களில் கூடு கட்டிய பறவைகள் மிரளும் என்பதால் தீபாவளிக்குக்கூட அந்த ஊர்ப் பிள்ளைகள் வெடி போடுவதில்லை. யாரும் சட்டம் போட்டு வாங்கிய அமைதி இல்லை அது. பெரியாறு மாதிரி ஓர் ஏரி வேண்டுமென்று அவர்கள் காத்திருக்கவும் இல்லை. ஒரு கண்மாயும் நாலு கருவேல மரமும் போதுமாக இருந்தது.

அடுத்த தடவை போடிப் பக்கம் போனால், 18-ம் கால்வாய்த் தண்ணீர் சேருகிற ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தண்ணீருக்கு நடுவே கருவேல மரம் நிற்கிறதா, அதன் உச்சியில் யாராவது இறக்கையைக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால், அந்த மரத்தை வெட்ட ஏலம் விடும் நாளில், ‘இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கப்பா’ என்று சொல்ல ஊரில் ஒரு ஆள் வேண்டும். வேடந்தாங்கலில் 1798-ல் இருந்தார்கள். உங்கள் ஊரில்?